நைனாவின் டீயில் எதைப் போடுவது?

கேள்வி: மேடம், நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் நைனாவுக்கு 63 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பத்து வருடமாக சுகர், இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ இல்லாமல் அவரால் முடியாது. இவ்வளவு நாள் சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டுக் கொடுத்தோம். அது கேன்சரைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு மாதமாக நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டார். வெறும் வயிற்றில் 130 இருந்த சுகர் இப்போது 178. ஜிம்முக்குப் போகும் தம்பி ஸ்டீவியா என்று ஒரு டப்பா வாங்கி வந்து, இதுதான் இயற்கை, இதைப் போடு என்கிறான். எனக்கும் எடை குறைய வேண்டும், நான் எதைப் போட்டுக்கொள்வது? என் மகளுக்கு ஏழு வயது, அவளும் தாத்தா டப்பாவில் இருந்து மாத்திரையை எடுத்துப் பாலில் போட்டுக் குடிக்கிறாள், தப்பா? எது நல்லது, எது கெட்டது என்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி நைனாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. அம்மா வழக்கம் போல சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டு டீ கொடுத்தார், அப்புறம் நாலு பிஸ்கட் சாப்பிட்ட பிறகுதான் சரியானது. அதற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் போகிற போக்கில் ஒரு ராத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, மற்ற எல்லாக் கேள்வியையும் விட எனக்கு அதுதான் கண்ணில் குத்தியது, அதனால் அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். வேர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, எதையாவது சாப்பிட்டதும் தெளிவது, இது மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது லோ சுகர். சுகர் ஃப்ரீ மாத்திரை அதை உண்டாக்கவில்லை, சுகரை அப்படி இறக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆனால் லோவில் இருக்கும் ஒருவருக்கு அந்த மாத்திரை போட்ட டீயைக் கொடுத்தது பெரிய ஆபத்து. அந்த நிமிடத்தில் மூளை குளுக்கோஸ் கேட்டுத் தவிக்கிறது. நாக்குக்கு இனிக்கிறது, ரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை. டீயில் இருந்த கொஞ்சம் பாலும் அப்புறம் சாப்பிட்ட பிஸ்கட்டும்தான் நைனாவைக் காப்பாற்றியிருக்கின்றன.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அவர் சாப்பிடும் சுகர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தால், அல்லது இன்சுலின் போடுகிறார் என்றால், சாப்பாடு தள்ளிப்போகிற நாளில் லோ வரலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயரும் இருந்தால் இன்னும் கவனம், ஏனென்றால் அந்த மருந்து குடலில் சர்க்கரையும் மாவும் உடைவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் லோ வந்த நேரத்தில் சாதாரண சர்க்கரையோ பிஸ்கட்டோ வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மூன்று டீஸ்பூன், ஏறக்குறைய 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் நைனா ஸ்டென்ட் வைத்தவர், அவருக்கு வேர்த்துக் கொட்டுவது இதயத்தில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதனால் மெஷினில் சுகர் சரியாக இருந்து வியர்வை மட்டும் நிற்கவில்லை என்றாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டில் வைத்து யோசிக்காதீர்கள்.

சரி, இப்போது டீக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக்குள் வந்தவற்றில் நைனாவுக்கு இப்போது நேரடியாகக் கெடுதல் செய்துகொண்டிருப்பது நாட்டுச் சர்க்கரைதான். இதை உங்கள் அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், அவர் பயத்தில், பாசத்தில் செய்த காரியம் அது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் சமையலறைத் தராசில் நாட்டுச் சர்க்கரையை அளந்து பார்த்தேன். மட்டமாகத் தட்டி எடுத்த டீஸ்பூன் நாலு கிராம் காட்டியது, ஆனால் நம் வீடுகளில் யார் தட்டி எடுக்கிறார்கள், குவித்து எடுத்தால் ஏழு கிராம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், ஐந்து டீ என்றால் ஒரு நாளைக்கு எழுபது கிராம் வரை போகிறது. உலக சுகாதார நிறுவனம் சுகர் இல்லாத ஆளுக்கே, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. 130-ல் இருந்து 178-க்கு ஏறியதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்றாலும் நான் முதலில் கை வைப்பது அந்த டப்பாவில்தான்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் பழைய காலத்து மரியாதையோடு வருவதால் மருந்து மாதிரி ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேனைத் தவிர மற்றதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். தேனில் அது ஏற்கெனவே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைந்து இருக்கிறது, அவ்வளவுதான். கிராமுக்கு ஏறக்குறைய அதே நாலு கலோரி, தண்ணீர் கலந்திருக்கும் தேனில் மட்டும் சுமார் மூன்று. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பும் மற்ற தாதுக்களும் இருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த இரும்பு உடம்புக்குப் போதுமான அளவு சேர வேண்டுமானால் சாப்பிட வேண்டிய வெல்லத்தின் அளவை நினைத்துப் பாருங்கள். இரும்பு வேண்டும் என்றால் முருங்கைக்கீரை இருக்கிறது, அசைவம் சாப்பிடும் வீடு என்றால் உங்களுக்கும் அம்மாவுக்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், இருக்கிறது. அப்புறம் கருப்பட்டி என்று நம்பி வாங்குவதிலேயே சர்க்கரை கலந்து காய்ச்சியதும் சந்தையில் ஓடுகிறது. பொங்கலுக்கு வெல்லம் போட்டு ஒரு கரண்டி சாப்பிடட்டும், அது ஒரு நாள். நாளுக்கு ஐந்து தடவை, இது நல்லது என்று நினைத்துக்கொண்டே போடும்போதுதான் அளவு தெரியாமல் ஏறிவிடுகிறது.

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சில சுகர் ஃப்ரீ மாத்திரைகளில் இருக்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 2பி என்ற வகையில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது, ஆனால் ஆதாரம் உறுதியாக இல்லை என்பதுதான் அந்த வகைக்கு அர்த்தம். அதே பட்டியலில் சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. பாக்கும் புகையிலையும் இருப்பது முதல் வகையில், அது உறுதியாகப் புற்றுநோயை உண்டாக்கும் வகை. நம் பக்கம் மாவா மென்றுகொண்டே சுகர் ஃப்ரீ மாத்திரைக்குப் பயப்படுகிற ஆண்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நைனாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் அதை விடவைப்பதுதான் கேன்சருக்கு எதிராக நீங்கள் செய்கிற பெரிய காரியம்.

அதே 2023 ஜூலையில் உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான நிபுணர் குழு, அஸ்பார்டேமுக்கு முன்பிருந்த பாதுகாப்பு அளவை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 2400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது சுமார் 20 மில்லிகிராம், அதாவது நூறு மாத்திரைக்கு மேல் போட்டால்தான் அந்த எல்லை. நைனா ஐந்து டீக்குப் பத்து மாத்திரை போட்டிருப்பார். பிறவியிலேயே ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாத ஃபினைல்கீட்டோனூரியா என்ற அபூர்வக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது. மற்றபடி அஸ்பார்டேமில் ஒரு நடைமுறைச் சங்கடம், சூட்டில் அது உடைந்து இனிப்பு குறைந்துவிடும், டீ கொதிக்கும்போது போட்டால் வீண், டம்ளரில் ஊற்றிய பிறகு போட வேண்டும்.

எலிகளுக்குக் கேன்சர் வந்தது என்று அம்மா காதில் எப்போதோ விழுந்திருந்தால் அது சாக்ரின் கதை. 1879-ல் கண்டுபிடித்தது, இருக்கிற செயற்கை இனிப்புகளிலேயே பழசு. நம் தெருவில் வந்த குச்சி ஐஸைக்கூட சாக்ரின் ஐஸ், வாங்காதே என்று பெரியவர்கள் தடுப்பார்கள். 1970-களில் எலிகளுக்கு நிறையக் கொடுத்துச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் போட வைத்தார்கள். ஆண் எலியின் சிறுநீரில் மட்டும் நடக்கும் ஒரு மாற்றத்தால் வந்தது அது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்த பிறகு 2000-ல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு சாக்ரின் மேல் கேன்சர் பயம் இல்லை, நாக்கில் உலோகக் கசப்பு நிற்கும், அதைவிட நல்லவை இருக்கும்போது அது எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

இன்று கடைகளில் வரும் மாத்திரைகளில் பல சுக்ரலோஸ். சர்க்கரையை விட 600 மடங்கு இனிப்பு என்பதால் ஒரு மாத்திரையில் சில மில்லிகிராம்தான் இருக்கும், டீச் சூட்டைத் தாங்கும். இதைப் பற்றி நம் சென்னையிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2024-ல் வெளியிட்டது. சுகர் உள்ளவர்கள் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதிலாக 12 வாரம் சுக்ரலோஸ் போட்டுக் குடித்தார்கள். மூன்று மாதச் சராசரி சுகரில் பெரிய மாற்றம் இல்லை, எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. நம்மைப் போலவே டீயும் சோறுமாக வாழ்கிற ஆட்களிடம் பார்த்தது என்பதால் நான் இதை மதிக்கிறேன். மாற்றியதால் சுகர் கெடவில்லை, தானாக இறங்கவும் இல்லை, ஏனென்றால் தட்டில் இருக்கும் சோறும் இட்லியும் அப்படியேதானே இருக்கின்றன. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இஸ்ரேலில் 120 ஆரோக்கியமான ஆட்களிடம் இரண்டு வாரம் நான்கு வகை இனிப்புகளைக் கொடுத்துப் பார்த்ததில் சாக்ரினும் சுக்ரலோஸும் குடல் கிருமிகளை மாற்றி, சிலருக்குச் சுகர் ஏறும் விதத்தையும் மாற்றின. இதை வைத்துப் பயப்படச் சொல்லவில்லை, ஆனால் ஒன்றும் செய்யாத வெறும் தூள் என்று நினைத்து இஷ்டத்துக்குப் போடவும் வேண்டாம். சுக்ரலோஸை எண்ணெயில் பொரிக்கும் பண்டத்திலோ ஓவனில் வைக்கும் கேக்கிலோ போடாதீர்கள், 120 டிகிரிக்கு மேல் சூடானால் அதில் இருக்கும் குளோரினால் வேண்டாத சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் எச்சரித்திருக்கிறது. டீ, பாயசம் எல்லாம் கொதிநிலையைத் தாண்டாது, அதற்குப் பரவாயில்லை.

இப்போது தம்பி வாங்கி வந்த டப்பா. இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். போன மாதம் தண்டையார்பேட்டையில் இருந்து வந்த ஒரு பெரியவர் மஞ்சப்பையில் இருந்து அதே மாதிரி ஒரு டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். முன்பக்கம் பச்சை இலை, பெரிய எழுத்தில் ஸ்டீவியா. பின்பக்க எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் இரண்டு பேரும் படித்தோம். எரித்ரிட்டால் 98 சதவீதம். ஸ்டீவியா சத்து மீதி. அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்போ நான் ஆறு மாசமா என்னம்மா சாப்பிட்டேன் என்றார்.

அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, காரணம் இருக்கிறது. ஸ்டீவியா என்பது நம் ஊரில் சொல்லும் சீனித்துளசி, அதன் இலையில் இருந்து பிரிக்கும் இனிப்பு சர்க்கரையை விட 200, 300 மடங்கு இனிக்கும், ஸ்பூனில் அள்ளிப் போடுகிற மாதிரி விற்க வேண்டுமானால் அதை ஏதாவது ஒன்றில் கலக்க வேண்டும், அந்த ஏதாவது பெரும்பாலும் எரித்ரிட்டால். எரித்ரிட்டாலும் சர்க்கரையில் முக்கால் பங்கு வரை இனிக்கும், சுகர் ஏறாது, கலோரி இல்லை என்றே சொல்லலாம், அதனால்தான் ஜிம் பையன்களுக்கு அது பிடிக்கிறது. ஆனால் 2023-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருடத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன. நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கும், அதனால் எது காரணம், எது விளைவு என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் 2024-ல் அதே குழு ஆரோக்கியமான ஆட்களுக்கு 30 கிராம் எரித்ரிட்டால் கொடுத்துப் பார்த்தது, ரத்தத் தட்டணுக்கள் உறையும் வேகம் கூடியது, அதே 30 கிராம் குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் உங்கள் நைனா யார்? ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து ஸ்பூன் எரித்ரிட்டாலை நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இருபது வயசுத் தம்பிக்கு அந்த அவசரம் இல்லை, இருந்தாலும் அவனும் அளவோடு இருக்கட்டும். சைலிட்டால் பற்றியும் 2024-ல் இதே மாதிரி முடிவு வந்திருக்கிறது, சூயிங்கத்தில் பல்லுக்கு நல்லது என்று வருகிறதே அதுதான். வீட்டில் நாய் வளர்த்தால் அந்த சூயிங்கம் அதன் வாயில் படாமல் பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

ஸ்டீவியாவே வேண்டும் என்றால் சொட்டு மருந்து மாதிரி வரும் பாட்டிலோ, எரித்ரிட்டால் கலக்காத மாத்திரையோ பார்த்து வாங்குங்கள். எண்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம், பொருட்களின் பட்டியலில் 951 என்று இருந்தால் அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால், 965 மால்டிட்டால். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அது மாவும் குளுக்கோஸும், ஒரு சின்ன பாக்கெட்டுக்குப் பரவாயில்லை, அள்ளிப் போடுகிற தூளில் இருந்தால் வேண்டாம். இயற்கை என்று தம்பி சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை, டப்பாவில் வருவது தொழிற்சாலையில் சுத்திகரித்த தூள், அந்தச் சுத்திகரித்த சத்துக்குத்தான் பாதுகாப்பு அளவும் வைத்திருக்கிறார்கள், இந்தியாவில் அதற்கு 2015-ல் அனுமதி வந்தது. இலை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது.

மால்டிட்டால் என்றேனே, தீபாவளி நேரத்தில் சௌகார்பேட்டைப் பக்கம் சுகர் ஃப்ரீ ஸ்வீட் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறார்கள், பல பெட்டிகளில் இருப்பது அதுதான். அது சர்க்கரை அளவுக்கு ஏற்றாது, ஆனால் சுகரை ஏற்றும். கலோரியும் சர்க்கரையில் பாதிக்கு மேல் இருக்கிறது. முந்திரி, கோவா, நெய் எல்லாம் அப்படியே இருக்கிறது. சுகர் ஃப்ரீதானே என்று இரண்டு துண்டு சாப்பிட வேண்டியவர் எட்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வயிறு உப்பி, பேதியாகி மறுநாள் என்னிடம் வருவார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே வயிறு கொஞ்சம் இளகலாகத்தான் இருக்கும், இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நைனாவுக்கு ஆசையாக இருந்தால் நிஜமான ஸ்வீட்டில் ஒரு சின்னத் துண்டு, சாப்பாட்டோடு சேர்த்து, அன்றைக்குச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து. எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

உங்கள் எடை பற்றிக் கேட்டீர்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்பாதீர்கள் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதனால் நைனாவுக்கு ஒரு பதில், உங்களுக்கு ஒரு பதில். குறுகிய காலத்தில் கொஞ்சம் எடை குறைகிறது, நீண்ட காலத்தில் பலன் தெரியவில்லை, நிறையப் பயன்படுத்துகிறவர்களுக்கு சுகரும் இதய நோயும் அதிகம் வருவதாகத் தெரிகிறது. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தான் இதைத் தேடிப் போகிறார்கள், அதனாலும் அப்படித் தெரியலாம். நீங்கள் மாத்திரை பக்கமே போக வேண்டாம், சர்க்கரையை நேராகக் குறைத்துவிடுங்கள். டீக்கு ஒரு மட்டமான ஸ்பூன், நாளைக்கு இரண்டு டீ, பன்னீர் சோடா, ரோஸ் மில்க் இவையெல்லாம் தினசரியில் இல்லாமல் என்றைக்காவது. எடையைப் பற்றி இன்னும் பேச இருக்கிறது, தனியாக எழுதுங்கள்.

மகளுக்கு மாத்திரை வேண்டாம். இந்த டப்பாக்களிலேயே குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். ஒன்றிரண்டு தடவை எடுத்துப் போட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது, பதறாதீர்கள். சின்ன உடம்புக்கு எல்லை சின்னது, ஆனால் என் கவலை அதைவிட நாக்கைப் பற்றித்தான். ஏழு வயதில் எல்லாமே இத்தனை இனிப்பாக இருக்க வேண்டும் என்று நாக்கு பழகிவிட்டால் வெறும் பால் அவளுக்குப் பிடிக்காமல் போய்விடும். பாலுக்கு உள்ளேயே 100 மில்லிக்கு ஐந்து கிராம் அளவுக்கு இயற்கையான சர்க்கரை இருக்கிறது. ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு அரை ஸ்பூன் சர்க்கரையோடு கொடுங்கள், ஒரு மாதத்தில் அதையும் நிறுத்தலாம். தாத்தா டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றுங்கள்.

இனி நைனாவின் டீ. நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலாக சுக்ரலோஸ் மாத்திரையோ கலப்பில்லாத ஸ்டீவியாவோ போடலாம், இரண்டில் எது அவர் நாக்குக்குப் பிடிக்கிறதோ அது. ஸ்டீவியாவில் கடைசியில் ஒரு கசப்பு நிற்கும், சிலருக்கு ஒத்துவராது. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் டீக்கு இரண்டு மாத்திரை, அடுத்த இரண்டு வாரம் ஒன்று, அப்புறம் பாதி. இஞ்சியைத் தட்டிப் போட்டு, டீயை நன்றாக இறக்கிக் கொடுத்தால் இனிப்புக் குறைவது பெரிதாகத் தெரியாது. நாக்கு இதற்குச் சில வாரங்களில் பழகிவிடும், நாற்பது வருடம் நாலு ஸ்பூன் போட்டுக் குடித்தவர்களையே இப்படிக் கொண்டுவந்திருக்கிறேன். டீக்கடையில் குடிக்கிற இரண்டு டீயை மறந்துவிடாதீர்கள், சக்கரை இல்லாம என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கம்மியா என்று சொன்னால் மாஸ்டர் ஒரு ஸ்பூனைக் குவித்துப் போட்டுவிடுவார். கூடவே தொட்டுக்கொள்ளும் பொறையையும் பட்டர் பிஸ்கட்டையும் கணக்கில் எடுங்கள், மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த இரண்டு பொறை, டீயில் மிச்சம் பிடித்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல் கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 178 என்ற ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இரண்டு மாதமாக நாட்டுச் சர்க்கரை போட்டதையும் அந்த ராத்திரி வேர்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டர் நம்பரைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டக்கூடும். அவர் கூட்டிய அதே வாரத்தில் நீங்கள் எழுபது கிராம் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தினால் லோ மறுபடி வரும், இந்தத் தடவை இன்னும் பலமாக வரலாம். நாட்டுச் சர்க்கரையை நிறுத்துகிற நாளில் இருந்து ஒரு வாரம் காலையில் வெறும் வயிற்றிலும், ராத்திரி படுக்கும் முன்பும் சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வீட்டில் மெஷின் இல்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் கேளுங்கள். ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை நைனாவின் தலைமாட்டிலும், இன்னொன்றை அவர் வெளியே எடுத்துப் போகிற பையிலும் போட்டு வையுங்கள், எந்த டப்பா டீக்கு, எது லோவுக்கு என்று அம்மாவுக்கும் மகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.